வாயில் பாசுரம், காதில் ரகசியம்!

வீரநாராயணபுரத்தில் கோயிலுக்கு அருகே ஒரே கூச்சல். வீதியில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். நடுவில் மூன்று பேர். ஒருவர் சைவர். ஒருவர் அத்வைத சந்நியாசி. மூன்றாவது ஆள் ஒரு குள்ளமான, பருத்த மனிதன். மேனி முழுவதும் நாமம். தலையில் முன்குடுமி. கையில் தடி.

திருமாலே பெரிய தெய்வம் என்பது அந்தக் குள்ள மனிதனின் கட்சி. அதை யாராவது மறுத்தால் முதலில் அவன் வாய் பேசும். அடுத்தபடி அவனுடைய கைத்தடி பேசப் பார்க்கும்!

கூட்டத்தில் நின்றவர்கள் என்ன நினைப்பார்கள்? "சரியான வம்புக்கார ஆசாமி" என்று நினைப்பார்கள். சிரிப்பார்கள். கலைந்து போவார்கள். அவன் எதற்காக அந்த ஊருக்கு வந்தான், அடுத்தபடி எங்கே போகப் போகிறான் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றாது.

அதுதான் அவனுக்கு வேண்டியது.

அவன் பெயர் திருமலை. தானே வைத்துக்கொண்ட பெயர் ஆழ்வார்க்கடியான் நம்பி. சோழ நாட்டு முதன்மந்திரி அநிருத்தப் பிரமராயரின் அந்தரங்க ஒற்றன் அவன். கல்கி எழுதிய "பொன்னியின் செல்வன்" என்ற சரித்திரக் கதையில் வருகிறவன். ராஜாக்களும் இளவரசிகளும் நிறைந்த அந்தக் கதையில், கிரீடமும் இல்லாமல் வாளும் இல்லாமல் ஐந்து பாகங்களிலும் சுற்றி வருகிற மனிதன்.

இந்த ஒற்றனுக்கும் சேலம், நாமக்கல் சீமைக்கும் என்ன சம்பந்தம்? கதையில் ஒரு சம்பந்தமும் இல்லை. கதையை எழுதியவர் வழியாக உண்டு.

புதுப்பாளையத்தில் ஒரு வாலிபர்

1925-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ராஜாஜி, திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். அந்த ஊர் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. 1997-இல்தான் நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது.

மானம் பார்த்த பூமி அது. சோளமும் நிலக்கடலையும் விளையும் காடுகள். மழை பொய்த்தால் கிணறு வற்றும். கிணறு வற்றினால் அடுப்பு அணையும். கள்ளுக்கடை மட்டும் எந்தக் கோடையிலும் வற்றாது! கூலி வாங்கிய கையோடு கடைக்குப் போகிறவனின் வீட்டில், பெண்டாட்டி பிள்ளைகள் பட்டினி கிடப்பார்கள். அந்தப் பெண்களுக்கு ராட்டையும், ஆண்களுக்கு மதுவிலக்கும் என்று ஆசிரமம் வேலையைத் தொடங்கியது.

அந்த ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார் ரா. கிருஷ்ணமூர்த்தி என்ற வாலிபர். தஞ்சை ஜில்லாவில் பிறந்தவர். ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் படிப்பை விட்டவர். சிறை சென்றவர். பிறகு திரு.வி.க.வின் "நவசக்தி"யில் உதவி ஆசிரியராக இருந்தவர். 1929-இல் மதுவிலக்குக்காகவே "விமோசனம்" என்ற மாதப் பத்திரிகை ஆசிரமத்திலிருந்து வெளிவந்தது. ராஜாஜி ஆசிரியர். கிருஷ்ணமூர்த்தி அவருக்கு வலக்கை.

அந்த வாலிபர்தான் பின்னாளில் தமிழ்நாடே கொண்டாடிய கல்கி!

மதுவிலக்குப் பத்திரிகையில் எழுதுகிறவருக்கு ஒரு பெரிய சங்கடம் உண்டு. "குடிக்காதே" என்று பக்கம் பக்கமாக உபதேசம் செய்தால் யார் படிப்பார்கள்? குடிக்கிறவன் படிக்க மாட்டான். குடிக்காதவனுக்கு அது வேண்டியதில்லை. ஆகவே கதையாகச் சொல்ல வேண்டும். சிரிக்க வைக்க வேண்டும். அடுத்து என்ன என்று ஏங்க வைக்க வேண்டும். கிராமத்தில் எழுத்துத் தெரிந்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். எழுத்துத் தெரியாத பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அந்தப் பத்துப் பேருக்கும் புரிய வேண்டும். கல்கியின் எளிய நடைக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைத்திருக்காது.

"விமோசனம்" பத்து இதழ்களோடு நின்றுபோயிற்று. ஆனால் அதன் காரியம் நிற்கவில்லை. ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1-ஆம் தேதி மதுவிலக்கு அமலுக்கு வந்தது. அது முதன்முதலில் வந்த இடம் சேலம் ஜில்லாதான்.

புதுப்பாளையத்தை விட்டுப் போய் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1950 அக்டோபரில், கல்கி தமது சொந்தப் பத்திரிகையில் "பொன்னியின் செல்வன்" தொடர்கதையைத் தொடங்கினார். 1954 வரை வாராவாரம் வந்தது. மணியம் படம் வரைந்தார். கதை முடிந்த அதே ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி கல்கி காலமானார்.

ஒரே மலையில் இருவர்

சிவனா, திருமாலா என்று சண்டை போடுகிற ஆழ்வார்க்கடியான் திருச்செங்கோட்டுக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பான்? நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

திருச்செங்கோட்டு மலையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள். வழியில் பாறையில் அறுபது அடி நீளத்துக்குச் செதுக்கிய பெரிய நாகம். மேலே அர்த்தநாரீசுவரர். பாதி ஆண், பாதி பெண்ணாக நிற்கும் சிவபெருமான். அதே மலையில் ஆதிகேசவப் பெருமாளுக்கும் சந்நிதி உண்டு. சைவரும் வைணவரும் ஒரே படியில்தான் ஏறுகிறார்கள், ஒரே இடத்தில்தான் மூச்சு வாங்குகிறார்கள்.

நாமக்கல்லுக்குப் போனாலும் அவனுக்கு நிம்மதி கிடைத்திராது. அங்குள்ள மலையைக் குடைந்து அதியர் குல மன்னர்கள் எட்டாம் நூற்றாண்டு அளவில் இரண்டு குகைக் கோயில்களை அமைத்தார்கள். ஒன்றில் நரசிம்மர். மற்றொன்றில் பாம்பணையில் பள்ளிகொண்ட ரங்கநாதர். அந்த ரங்கநாதர் குகையிலேயே சங்கரநாராயணர் சிற்பமும் இருக்கிறது! ஒரே உடம்பில் ஒரு பாதி சிவன், ஒரு பாதி திருமால். தடியை எந்தப் பக்கம் ஓங்குவது?

இதைப் பார்த்துத்தான் கல்கி அந்தப் பாத்திரத்தைப் படைத்தார் என்று சொல்வதற்கில்லை. ஆனால் கதையை நன்றாகப் படித்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஆழ்வார்க்கடியானின் பக்தி நிஜம். பாசுரம் பாடும்போது அவன் கண்ணில் வரும் நீர் நிஜம். சண்டைதான் பாதி வேஷம்.

ஒற்றன் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? முக்காடு போட்டுக்கொண்டு இருட்டில் பதுங்குகிறவன் ஞாபகம் வரும். அப்படிப் பதுங்குகிறவனைத்தான் காவற்காரன் முதலில் பிடிப்பான்! நாலு பேர் நடுவில் கத்துகிறவனை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கத்துகிற வாய் இருக்கிற இடத்தில் கூர்மையான காதும் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

வள்ளுவர் சொன்ன இலக்கணம்

ஒற்றர்களைப் பற்றித் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார். 59-ஆவது அதிகாரம், "ஒற்றாடல்". பார்த்தால் சந்தேகம் தோன்றாத உருவம் வேண்டும் என்கிறார். துறவி வேஷத்திலும் போகலாம், ஆனால் பிடித்து என்ன கொடுமை செய்தாலும் தளரக் கூடாது என்கிறார். அதிகாரிகள், சுற்றத்தார், பகைவர் என்று எல்லாரையும் பார்க்க வேண்டும் என்கிறார். ஓர் ஒற்றன் கொண்டு வந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்கிறார்.

பிடிபட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சங்க காலத்திலேயே ஒரு சம்பவம் உண்டு. இளந்தத்தன் என்ற புலவர் உறையூருக்குள் வந்தார். ஊர் முற்றுகையில் இருந்த சமயம். உள்ளே இருந்த சோழன் நெடுங்கிள்ளி, அவரைப் பகைவனின் ஒற்றன் என்று எண்ணிக் கொல்லத் துணிந்தான். நல்ல வேளை, கோவூர் கிழார் குறுக்கே வந்து பாட்டுப் பாடிக் காப்பாற்றினார். புறநானூற்றில் இந்தச் செய்தி இருக்கிறது. விசாரணை இல்லை, சாட்சி இல்லை. சந்தேகம் ஒன்றே போதும், தலை போய்விடும்!

தூது போகிறவருக்கு இந்தப் பயம் இல்லை. தகடூர் அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனார். அவனுடைய ஆயுதசாலையில் வேல்கள் புதுக்கருக்குக் குலையாமல் பளபளப்பதைப் புகழ்வது போலப் புகழ்ந்து, "நீ போரே பார்க்காதவன்" என்று குத்திக் காட்டிவிட்டுப் பத்திரமாகத் திரும்பினார். தூதர் வாசல் வழியாகப் போகிறார். ஒற்றன் சுவர் வழியாகப் போக வேண்டியிருக்கிறது.

சுவர் மேல் ஒரு தலை

ஆழ்வார்க்கடியான் உண்மையிலேயே சுவர் வழியாகத்தான் போனான்.

கடம்பூர் சம்புவரையர் மாளிகை. நடுநிசி. பெரிய பழுவேட்டரையர் முதலிய சிற்றரசர்கள் ரகசியமாகக் கூடியிருக்கிறார்கள். சுந்தர சோழர் நோயாளி. அவருக்குப் பிறகு பட்டம் யாருக்கு? மூத்த குமாரன் ஆதித்த கரிகாலனுக்கு வேண்டாம், மதுராந்தகனுக்குத்தான் என்று பேசி முடிக்கிறார்கள்.

அந்த மாளிகையில் அன்று விருந்தாளியாகத் தங்கியிருந்த வந்தியத்தேவன் இதை ஒட்டுக் கேட்கிறான். அப்போது மதில் சுவருக்கு மேலே ஒரு தலை தெரிகிறது. ஆழ்வார்க்கடியானின் தலை! பகலில் வீதியில் வம்பு வளர்த்த அதே தலை.

ஒரே சதியை இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவனுடைய எஜமானர் யார் என்பது மற்றவனுக்குத் தெரியாது. வள்ளுவர் சொன்ன ஏற்பாடு தானாகவே அமைந்துவிட்டது.

வந்தியத்தேவனும் ஒரு வகையில் ஒற்றன்தான். ஆனால் கற்றுக்குட்டி. வாய் நிற்காது. கோபம் வரும். அழகான பெண்ணைக் கண்டால் வந்த காரியம் மறந்துபோகும். தஞ்சைக் கோட்டைக்குள் போனான், சந்தேகத்துக்கு ஆளானான், உயிர் தப்ப ஓடினான். ஆழ்வார்க்கடியானுக்கு இந்த ஓட்டம் எல்லாம் இல்லை. அவனைத் துரத்தினால் சண்டைக்குத் துரத்துவார்கள், ஒற்றன் என்று துரத்த மாட்டார்கள். கொள்ளிடத்தில் படகு ஏறும்போதுகூடச் சைவர் ஒருவரோடு தகராறு. "இவன் ஏறினால் நான் இறங்கிவிடுவேன்" என்கிற அளவுக்குத் தகராறு. ஆற்றைக் கடந்து ஒற்றன் எங்கே போகிறான் என்பது அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போயிற்று.

பள்ளிப்படையில் கேட்டது

அவன் போனது திருப்புறம்பயம். முன்னொரு காலத்தில் பெரும்போர் நடந்த இடம். போரில் இறந்த கங்க மன்னன் பிரிதிவீபதிக்கு எழுப்பிய பள்ளிப்படை காட்டுக்கு நடுவே கிடக்கிறது. இரவில் அங்கே சிலர் கூடுகிறார்கள். ரவிதாஸன், சோமன் சாம்பவன் முதலிய ஆபத்துதவிகள். பாண்டிய மன்னன் வீரபாண்டியனுக்கு உயிரைக் கொடுப்பதாகச் சபதம் செய்தவர்கள். மன்னனை ஆதித்த கரிகாலன் கொன்றுவிட்டான். ஆகவே பழிக்குப் பழி!

மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஆழ்வார்க்கடியான் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்கிறான். தன் பெயரும் அங்கே அடிபடுவதைக் கேட்கிறான். அவர்களுடைய பகைவர் வரிசையில் அவனும் உண்டு. தன்னைக் கொல்லப் பேசுகிறவர்களுக்கு நாலு அடி தூரத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும்! அங்கே நாமமும் உதவாது, பாசுரமும் உதவாது.

ஆனால் அவன் நெஞ்சைச் சுட்டது அது அல்ல. சதிகாரர்கள் நடுவே பொற்காசுகள் கொட்டப்படுகின்றன. காசில் பனை முத்திரை. பனை பழுவூர்க் குலத்தின் சின்னம். பழுவூர் அரண்மனையில் இந்தக் கொலைகாரர்களுக்குப் பொன் கொடுத்து உதவக்கூடியவர் யார்?

பழுவூர் இளைய ராணி நந்தினி. ஆழ்வார்க்கடியானின் தங்கை!

தங்கை

உடன்பிறந்த தங்கை இல்லை. வளர்ப்புத் தங்கை. பாண்டிய நாட்டில் அவனுடைய தகப்பனார் கண்டெடுத்து வளர்த்த குழந்தை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் வளர்ந்தார்கள். ஆண்டாள் பாசுரங்களை அவள் பாட, அவன் மெய்மறந்து கேட்டான். தங்கையோடு ஊர் ஊராகப் போய்ப் பாசுரம் பாட வேண்டும் என்பது அவன் ஆசை. நந்தினியின் விதி வேறாக இருந்தது. அவள் கிழவர் பெரிய பழுவேட்டரையரை மணந்துகொண்டு தஞ்சைக் கோட்டைக்குள் போய்விட்டாள்.

கதையின் தொடக்கத்திலேயே ஆழ்வார்க்கடியான் வந்தியத்தேவனிடம் ஓர் உதவி கேட்கிறான். பல்லக்கில் போகும் பழுவூர் ராணியிடம் ஓர் ஓலையைச் சேர்க்க முடியுமா என்று கேட்கிறான். வந்தியத்தேவன் மறுத்துவிடுகிறான். முதல் தடவை படிக்கிறவர்கள், சாமியார்க் கோலத்தில் இருப்பவனுக்கு ராணியிடம் என்ன வேலை என்று தப்பாக நினைப்பார்கள். இரண்டாம் தடவை படிக்கும்போது அந்த இடம் மனத்தைப் பிசையும். அண்ணன் தங்கையைப் பார்க்க அலைகிறான். அவ்வளவுதான்.

யோசித்துப் பாருங்கள். ராஜ்யத்துக்குத் துரோகம் எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிப்பது அவன் உத்தியோகம். கண்டுபிடித்துக்கொண்டே போனால் கடைசியில் தங்கையின் வாசலில் வந்து நிற்கிறது. சொன்னால் தங்கைக்கு ஆபத்து. சொல்லாவிட்டால் இளவரசருக்கு ஆபத்து. கத்திச் சண்டையில் சிக்கியவன் கத்தியைக் கீழே போட்டுச் சரணடையலாம். இதிலிருந்து எப்படித் தப்புவது?

அவன் கடமையை விடவில்லை. ராமேசுவரத்தில் முதன்மந்திரியைச் சந்தித்துத் தான் அறிந்து வந்ததை எல்லாம் சொல்கிறான். அநிருத்தர் அடுத்த வேலை கொடுக்கிறார். கடல் கடந்து இலங்கைக்குப் போக வேண்டும், அங்கே போர்க்களத்தில் இருக்கும் இளவரசர் அருள்மொழிவர்மரிடம் செய்தி சேர்க்க வேண்டும். கிளம்பிவிடுகிறான். தம்பள்ளைக்குப் போகும் காட்டுப் பாதையில் வந்தியத்தேவனும் அவனும் வழித்துணை. ஒருவரை ஒருவர் நம்பாமல், ஒருவரை ஒருவர் விடவும் முடியாமல் இருவரும் நடக்கிற அந்தப் பகுதி கதையில் மிகவும் சுவையானது. ஒருவன் வாயைக் கிளறி மற்றவன் விஷயத்தை வாங்கப் பார்ப்பான். யாருக்கு யார் இளைத்தவர்!

எச்சரித்தும் பலன் இல்லை

இவ்வளவு கேட்டும், இவ்வளவு ஓடியும், அவனால் முக்கியமான காரியம் ஒன்றைச் சாதிக்க முடியவில்லை.

கடம்பூருக்குப் போக வேண்டாம் என்று ஆதித்த கரிகாலனுக்குச் சொல்லி அனுப்புகிறார் அநிருத்தர். ஆழ்வார்க்கடியான் எச்சரிக்கையோடு போகிறான். ஆனால் கரிகாலன் "வேண்டாம்" என்ற சொல்லைக் கேட்டு நிற்கிற ஆள் இல்லை. போகாதே என்றால் போவான். போனான். கடம்பூர் மாளிகையிலேயே மாண்டான். யார் கை கொன்றது என்பதைக் கல்கி கடைசிவரை பட்டவர்த்தனமாகச் சொல்லவில்லை. வாசகர்கள் இன்றும் அதைப் பற்றி வாதம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

செய்தி கொண்டுவருவது ஒற்றன் வேலை. கேட்பதும் கேட்காததும் அரசர்கள் வேலை. கதைகளில் வரும் துப்பறியும் சூரர்கள் கடைசி நிமிஷத்தில் வந்து எல்லாரையும் காப்பாற்றிவிடுவார்கள். ஆழ்வார்க்கடியானால் முடியவில்லை. அதனால்தான் அவனைக் கற்பனை மனிதன் என்று நம்புவது கஷ்டமாக இருக்கிறது.

லண்டன் ஒற்றனும் சேலத்து ஒற்றனும்

ஒரு வேடிக்கையான ஒற்றுமை. "பொன்னியின் செல்வன்" வாராவாரம் வந்துகொண்டிருந்த 1953-ஆம் ஆண்டில்தான் லண்டனில் இயான் பிளெமிங் எழுதிய முதல் ஜேம்ஸ் பாண்டு நாவல் வெளிவந்தது. அந்த ஒற்றனுக்குத் துப்பாக்கி உண்டு, வேகமான கார் உண்டு, விதம் விதமான மது உண்டு. மதுவிலக்குப் பத்திரிகையில் எழுதிப் பழகியவரின் ஒற்றனுக்கோ தடி ஒன்றே துணை. காவிரித் தண்ணீரும் கோயில் பிரசாதமும் போதும்!

பாண்டு பாணிப் படங்கள் பிறகு தமிழிலும் வந்தன. அவற்றுக்கு ஒரு முக்கியத் தலம் சேலம். திருச்செங்கோட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த டி.ஆர். சுந்தரம் ஏற்காடு சாலையில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், அவர் காலமான பிறகு 1966-இல் "வல்லவன் ஒருவன்" படத்தை வெளியிட்டது. அதில் துப்பறியும் அதிகாரியாக வந்த ஜெய்சங்கரைத் தமிழ்நாட்டு ஜேம்ஸ் பாண்டு என்றே ரசிகர்கள் அழைத்தார்கள்.

ஆழ்வார்க்கடியான் திரைக்கு வருவதற்குத்தான் வெகுகாலம் ஆயிற்று. எம்.ஜி.ஆர். "பொன்னியின் செல்வ"னைப் படமாக்க முயன்றார், நடக்கவில்லை. மணிரத்னம் இயக்கிய படம் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரண்டு பாகங்களாக வந்தது. ஜெயராம் தொந்தியும் குடுமியுமாக ஆழ்வார்க்கடியானாக நடித்தார். படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் தேடியவர்கள் உண்டு. அப்படித் தேடியவர்களுக்கு ஒரு லாபம். நந்தினியின் அண்ணன் படும் வேதனை முழுவதும் புத்தகத்தில்தான் இருக்கிறது.

கல்லில் யார் பெயர்?

கதையில் வரும் பலர் சரித்திரத்தில் வாழ்ந்தவர்கள். அநிருத்தர் நிஜமான மனிதர். சுந்தர சோழர் அவருக்கு நிலம் கொடுத்த செய்தி அன்பில் செப்பேடுகளில் இருக்கிறது. திருவரங்கப் பெருமானிடம் பக்தி கொண்ட குடும்பம் அவருடையது. வந்தியத்தேவனும் நிஜம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், குந்தவை தேவியின் கணவர் வல்லவரையர் வந்தியத்தேவர் என்று பெயர் பொறித்திருக்கிறது.

கொலைகாரர்களின் பெயர்கூட இருக்கிறது! ஆழ்வார்க்கடியான் முதன்முதலில் சண்டை போட்டுக்கொண்டு தோன்றும் வீரநாராயணபுரம்தான் இன்றைய காட்டுமன்னார்கோவில். ஆழ்வார் பாசுரங்களைத் தேடித் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊர் என்று வைணவர்கள் போற்றும் ஊரும் அதுவே. அதை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அங்கே ராஜராஜ சோழனின் இரண்டாம் ஆட்சி ஆண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் கல்வெட்டு ஒன்று, கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் குறிப்பிடுகிறது. அவர்களுடைய உறவினரின் சொத்துகள் பறிக்கப்பட்ட செய்தியும் அதில் உண்டு. இந்தக் கல்வெட்டின் பெயர்களைத்தான் கல்கி தம் கதைக்கு எடுத்துக்கொண்டார்.

மந்திரிக்குச் செப்பேடு. வீரனுக்குக் கல்வெட்டு. சதிகாரனுக்கும் கல்வெட்டு. ஒற்றனுக்கு?

ஆழ்வார்க்கடியான் கற்பனை மனிதன். அவன் பெயர் கல்லில் இருக்க முடியாது. ஆனால் சோழ நாட்டில் நிஜமாகவே சத்திரங்களிலும் சந்தைகளிலும் சுற்றித் திரிந்த ஒற்றர்கள் இருந்திருப்பார்களே, அவர்கள் பெயர்? ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்யாதே, செய்தால் ரகசியத்தை நீயே வெளியிட்டவன் ஆவாய் என்று வள்ளுவர் மன்னனுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.

சேலத்திலிருந்து ஆத்தூர், விருத்தாசலம் வழியாகக் காட்டுமன்னார்கோவிலுக்குப் போகலாம். வந்தியத்தேவன் குதிரையில் வந்த வீராணம் ஏரிக்கரை இருக்கிறது. உடையார்குடிக் கோயில் இருக்கிறது. சோமனும் ரவிதாசனும் கல்லில் இருக்கிறார்கள். தடி ஏந்திய குள்ள மனிதன் கூச்சல் போட்ட வீதியை மட்டும் கதையைத் திறந்து தேடிக்கொள்ள வேண்டும்.